டான்யூப் ஆத்தோரமா பாஸாவ் டு புடாபெஸ்ட் சைக்கிள் பயணம்: முதல் தடவை போறவங்க என்னென்ன செய்யணும்

போன வருஷம் ஜூன்ல நானும் எங்க தங்கச்சி வீட்டுக்காரரும் ஜெர்மனியில இருக்கற பாஸாவ் ஊர்ல இருந்து டான்யூப் ஆத்தைப் பிடிச்சுக்கிட்டே சைக்கிள்ல கிளம்பினோம். மாப்பிள்ளைக்கு லீவு கம்மிங்கறதால அவர் வியன்னாவோட திரும்பிட்டார், நான் பிராட்டிஸ்லாவா வழியா புடாபெஸ்ட் வரைக்கும் போனேன். மொத்தம் 650 கிலோமீட்டர் பக்கம். யூரோவெலோ 6ங்கற நீண்ட பாதையோட ஒரு துண்டுதான் இது, ஐரோப்பாவுல முதல் தடவை ஓட்டறவங்களுக்கு இதைவிட சுலபமான பாதை கிடைக்கறது கஷ்டம். ஏத்தம் ரொம்பக் கம்மி, ஆறு போற திசையிலயே போறோம், காத்தும் பெரும்பாலும் மேற்குல இருந்து முதுகுப் பக்கமா அடிக்கும். அதனால எப்பவும் பாஸாவ்ல இருந்து வியன்னாவைப் பாத்து ஓட்டுங்க, மாத்தி ஓட்டாதீங்க.

ஓட்டறதுல எங்களுக்குப் பெரிசா ஒரு சிரமமும் வரல. அதுக்கு முன்னாடி இருந்த அஞ்சு மாசம்தான் பாடாப் படுத்திருச்சு. அந்த அஞ்சு மாசத்தை உங்களுக்குக் கொறைச்சுக் குடுக்கலாம்னுதான் இதை எழுதறேன்.

1. டிக்கெட்டுக்கு முன்னாடி ராத்திரி கணக்கு போடுங்க

எல்லாரும் முதல்ல ஃபிளைட் விலை பாப்பாங்க, நானும் அதைத்தான் செஞ்சேன், தப்பு. முதல்ல ஒரு பேப்பர்ல எந்த ராத்திரி எந்த ஊர்ல படுக்கறோம்னு எழுதுங்க. விசா, இன்சூரன்ஸ், ரூம், ரயில் எல்லாமே இந்த ஒரு பேப்பரைத்தான் கேட்கும்.

என்னோட கணக்கு இது, தூரம் எல்லாம் உத்தேசம்தான், எந்தக் கரையில போறீங்கங்கறதைப் பொறுத்து கொஞ்சம் கூடும் கொறையும். பாஸாவ்ல 2 ராத்திரி. அப்புறம் ஷ்லோகன் 42 கிலோமீட்டர், லின்ஸ் 50, கிரைன் 60, மெல்க் 50, கிரெம்ஸ் 38, டுல்ன் 45, வியன்னா 38. வியன்னாவுல 2 ராத்திரி தங்கிட்டு பிராட்டிஸ்லாவா 68, ஜியோர் 80, கொமாரோம் 52, எஸ்டெர்கோம் 58, கடைசியா புடாபெஸ்ட் 78, அங்க 2 ராத்திரி. ஆக 16 ராத்திரி. மாப்பிள்ளை மாதிரி லீவு கம்மின்னா வியன்னாவோட நிறுத்திக்கலாம், அதுவே நல்ல நிறைவான பயணம்தான்.

ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர்தானான்னு தோணும். கோயம்புத்தூர்ல இருந்து பொள்ளாச்சி போய்ட்டு வந்தாலே 80 ஆச்சே, நாமெல்லாம் ஞாயித்துக்கிழமை காலையில டிபனுக்கு முன்னாடி அதை முடிக்கறவங்க. ஆனா அங்க பின்னாடி 15 கிலோ மூட்டை இருக்கும், தினமும் ஓட்டணும், நடுவுல படகுக்கு நிக்கணும், மெல்க்ல அந்தப் பெரிய மடத்தைப் பாக்காம வர முடியாது, மழை வந்தா ஒரு மணி நேரம் ஒதுங்கணும். 100 போட்டு வச்சீங்கன்னா மூணாவது நாள் எதையும் பாக்காம ரூமை மட்டும் துரத்திக்கிட்டு இருப்பீங்க.

2. எந்த மாசம்

மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும். ஜூன்ல ராத்திரி ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், அது பெரிய நிம்மதி. ஜூலையில வாஹாவ் பள்ளத்தாக்குல, அதாவது மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் நடுவுல, ஆப்ரிகாட் பழுக்கும், வழியெல்லாம் வீட்டு வாசல்ல டப்பாவுல வச்சு விப்பாங்க. ஆனா பள்ளிக்கூட லீவு நேரம்கறதால ரூம் கிடைக்கறது கஷ்டம்.

வெள்ளத்தை மனசுல வச்சுக்கோங்க. பாஸாவ் பழைய டவுன் ஹால் சுவத்துல ஒவ்வொரு வெள்ளமும் எவ்வளவு உயரம் வந்துச்சுன்னு கோடு போட்டு வருஷம் எழுதியிருக்காங்க, 2013 கோடு நம்ம தலைக்கு மேல எங்கயோ இருக்கு. 2024 செப்டம்பர்ல கீழ் ஆஸ்திரியாவுலயும் பெரிய வெள்ளம் வந்துச்சு. பாதை ஆத்தை ஒட்டியே போறதால தண்ணி ஏறினா முதல்ல மூடறது சைக்கிள் பாதையைத்தான். கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி இருந்து மழை நிலவரம் பாத்துக்கிட்டே இருங்க, கணக்குல ஒரு நாள் உபரியா வச்சுக்கோங்க.

3. விசா: எந்த நாட்டுக்கு விண்ணப்பிக்கணும்

ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி நாலும் ஷெங்கன், அதாவது பொது விசா வச்சிருக்கற ஐரோப்பிய நாடுகளோட கூட்டத்துல இருக்கு. ஒரே விசா போதும். ஆனா அதை எந்த நாட்டுக்கிட்ட கேக்கணும்? இறங்கறது மியூனிக், அதனால ஜெர்மனின்னு நினைச்சு ஒரு மாசம் காத்திருந்து அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டேன். அப்புறம் உக்காந்து விதியைப் படிச்சா, எந்த நாட்டுல அதிக நாள் தங்கறமோ அந்த நாட்டுக்கிட்டதான் கேக்கணும், நாள் சமமா இருந்தாத்தான் முதல்ல நுழையற நாடு. என் கணக்குல ஜெர்மனி 2 ராத்திரி, ஆஸ்திரியா 8, ஸ்லோவாக்கியா 1, ஹங்கேரி 5. ஆஸ்திரியா! ஏற்கெனவே வாங்கின தேதியை விட்டுட்டு மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிச்சேன், அந்த நேரத்துல ஃபிளைட் விலை வேற ஏறிப்போச்சு. ராத்திரி கணக்கை முதல்ல போடுங்கன்னு நான் கத்தறது இதுக்காகத்தான்.

பயணத் தேதிக்கு 6 மாசம் முன்னாடியில இருந்து விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள் முன்னாடி. வழக்கமா முடிவு சொல்ல 15 நாள், சில சமயம் 45 நாள் வரைக்கும் இழுக்கலாம். ஏப்ரல், மே மாசங்கள்ல அப்பாயின்ட்மென்ட் கிடைக்கறதே அபூர்வம். ஜூன் பயணம்னா ஜனவரியிலயே வேலையை ஆரம்பிச்சு மார்ச்சுக்குள்ள விரல் ரேகை குடுத்துடுங்க. கட்டணம் பெரியவங்களுக்கு 90 யூரோ, 6 வயசுல இருந்து 12க்குள்ள பசங்களுக்கு 45, அதுக்கு மேல விண்ணப்ப மையத்தோட சேவைக் கட்டணம் தனி. விசா மறுத்தா இந்தப் பணம் திரும்ப வராது.

எடுத்து வைக்க வேண்டியது:

- பாஸ்போர்ட், நீங்க திரும்பற தேதிக்கு அப்புறமும் குறைஞ்சது 3 மாசம் செல்லுபடி ஆகணும், 2 பக்கம் காலியா இருக்கணும், 10 வருஷத்துக்குள்ள வாங்கினதா இருக்கணும்
- 35க்கு 45 மில்லிமீட்டர் ஃபோட்டோ, புதுசா எடுத்தது
- பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரி ரிட்டர்ன், சம்பளச் சீட்டு, ஆபீஸ்ல இருந்து லீவு குடுத்த கடிதம். சொந்தத் தொழில்னா ஜிஎஸ்டி பதிவு
- போக வர ஃபிளைட் புக்கிங்
- எல்லா ராத்திரிக்கும் தங்கற இடத்தோட புக்கிங்
- இன்சூரன்ஸ்
- கவர் லெட்டர்

சைக்கிள்காரங்க சறுக்கறது கடைசி மூணுலதான். தினம் ஒரு ஊர்ல படுக்கறதால 13 புக்கிங் வரும், ஒண்ணு விட்டுப்போனாலும் அந்த ராத்திரி எங்க இருப்பீங்கன்னு கேப்பாங்க. வழியில பாத்துக்கலாம், டென்ட் இருக்குன்னு சொல்றது அங்க எடுபடாது. இலவசமா கேன்சல் பண்ற மாதிரி ரூம் போட்டு, எல்லாத்தையும் தேதி வரிசையில அடுக்குங்க. கவர் லெட்டர்ல கதை வேண்டாம். நான் சைக்கிள்ல போறேன், அதனாலதான் தினம் ஊர் மாறுதுன்னு ரெண்டு வரி, அதுக்குக் கீழ தேதி, எங்கிருந்து எங்க, கிலோமீட்டர், தங்கற இடம்னு ஒரு அட்டவணை. கூடவே சைக்கிளோட ஒரு ஃபோட்டோவும் சேத்து வச்சேன். கவுன்ட்டர்ல இருந்த அம்மா அந்த அட்டவணையை விரல் வச்சுக் கீழ வரைக்கும் படிச்சுட்டு வேற எதுவும் கேக்காம முத்திரை குத்தினாங்க.

இன்னொண்ணு, ஒரே பக்கம் போய் வேற ஊர்ல இருந்து திரும்பறதால மியூனிக் போய் புடாபெஸ்ட்ல இருந்து வர்ற மாதிரி ஒரே டிக்கெட்டாவே போடலாம், தனித்தனியா வாங்கறதைவிட பெரும்பாலும் சல்லிசு.

2025 அக்டோபர்ல இருந்து எல்லையில விரல் ரேகை, முகம் பதிவு பண்ற புது முறை வந்திருக்கு. இறங்கின ஒரு மணி நேரத்துல ரயில்னு டிக்கெட் போட்டுடாதீங்க, மூணு மணி நேரமாவது விடுங்க.

4. இன்சூரன்ஸ்

ஷெங்கனுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விலை பாத்து வாங்காதீங்க, விலக்குப் பட்டியலைப் படிங்க. சில பாலிசியில சாகச விளையாட்டுன்னு ஒரு பத்தி இருக்கும், அதுல சைக்கிள் பயணத்தைச் சேத்திருந்தாங்கன்னா கீழ விழுந்து கை ஒடிஞ்சா ஒரு பைசா வராது. கம்பெனிக்கு மெயில் போட்டு, சாலையிலயும் சைக்கிள் பாதையிலயும் சுற்றுலாவா ஓட்டறதுக்கு கவர் உண்டான்னு எழுத்துல பதில் வாங்கிக்கோங்க. ஃபோன்ல சொல்றது எதுக்கும் உதவாது.

5. சொந்த சைக்கிளா, வாடகையா

வியன்னா வரைக்கும்தான்னா வாடகை எடுங்க, யோசிக்கவே வேண்டாம். பாஸாவ்ல எடுத்து வியன்னாவுல விடற வசதி இருக்கு, கேரியர், பை, பூட்டு, ரிப்பேர் கிட் எல்லாம் சேத்தே குடுப்பாங்க. மூட்டையைத் தினமும் அடுத்த ஊர் ரூமுக்கு வண்டியில கொண்டு போய் வைக்கற சேவையும் உண்டு, வயசான அப்பா அம்மாவோட போறவங்க கண்டிப்பா அதை எடுங்க. ஜூன், ஜூலைக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடியே புக் பண்ணணும், உங்க உயரத்தைச் சரியா சென்டிமீட்டர்ல எழுதுங்க. மாப்பிள்ளை வாடகைதான் எடுத்தார், ஒரு நாள் கூட அவருக்குத் தொந்தரவு இல்ல.

வியன்னாவைத் தாண்டிப் போறவங்களுக்குத்தான் சொந்த சைக்கிள் லாபம்.

6. சைக்கிளைப் பெட்டியில அடைக்கறது

முதல்ல ஏர்லைன்ஸ் சைட்ல சைக்கிள் விதியைப் படிங்க. எடை மட்டும் இல்ல, நீளம் அகலம் உயரம் மூணையும் கூட்டின அளவுக்கும் ஒரு எல்லை இருக்கும், சில பேர் அதை 20 கிலோ, 30 கிலோ லக்கேஜ் கணக்குலயே விடுவாங்க, சில பேர் தனியா காசு கேப்பாங்க, சில பேர் முன்கூட்டியே சொல்லணும்பாங்க. சொல்லி, பதிலை பிரின்ட் எடுத்துக் கையில வச்சுக்கோங்க.

பெட்டிக்கு உங்க ஊர் சைக்கிள் கடையில சொல்லி வச்சா புது சைக்கிள் வர்ற அட்டைப்பெட்டியைக் குடுப்பாங்க. பெடல், முன் சக்கரம், ஹேண்டில்பார், சீட் எல்லாம் கழட்டணும். இடது பெடல் மரை உல்டா, கடிகாரம் சுத்தற பக்கமா திருப்பினாத்தான் கழலும், தெரியாம பலம் போட்டு மரையைக் கெடுத்துடாதீங்க. டயர்ல காத்தைக் கொறைங்க. முன் ஃபோர்க் நடுவுல ஒரு பிளாஸ்டிக் தடுப்பு வைங்க, அதுவும் கடையிலயே கிடைக்கும்.

பின் டெரெய்லரை, அதாவது கியர் மாத்தும்போது செயினை நகத்தற பாகத்தை, கழட்டி உள்பக்கமா துணி சுத்தி ஃப்ரேமோட கட்டிடுங்க. நான் அதைக் கழட்டாம விட்டேன். பாஸாவ்ல பெட்டியைப் பிரிச்சப்ப டெரெய்லர் மாட்டற அந்தச் சின்ன ஹேங்கர் சக்கரத்துப் பக்கம் வளைஞ்சு கிடந்துச்சு, கியர் மாத்தினா செயின் ஆரக்கால்ல போய் உரசுது. கடைக்காரர் என் மாடலுக்கு ஹேங்கர் இல்லன்னுட்டார், வாரக் கணக்குல ஆகும்னார். அப்புறம் ஒரு நீளமான அளவுகோல் கம்பியை மாட்டி, சக்கரத்தைச் சுத்திச் சுத்தி மூணு இடத்துல அளந்து, கொஞ்சம் கொஞ்சமா நிமித்திக் குடுத்தார். புடாபெஸ்ட் வரைக்கும் தாங்குச்சு. 500, 600 ரூபா சாமான், ஒண்ணு உபரியா வாங்கிப் பையில போட்டுக்கோங்க, உங்க மாடலுக்கு மட்டும்தான் பொருந்தும்கறதால வழியில கிடைக்காது.

பவர் பேங்க் கைப்பையில மட்டும். கேம்பிங் கேஸ் சிலிண்டர் எதுலயும் கூடாது. காத்தடிக்கக் கைபம்ப்பே போதும். டியூப் மட்டும் கவலைப்படாதீங்க, நம்ம ஊர் சாதா சைக்கிள்ல இருக்கற வுட்ஸ் வால்வு கூட ஜெர்மனியில சர்வ சாதாரணம்.

சென்னையில செக்கின் பண்றதுக்கு முன்னாடி கஸ்டம்ஸ்ல போய் விலை உயர்ந்த சைக்கிளைக் கொண்டு போறேன்னு சொல்லி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கோங்க. ஃப்ரேம் நம்பர், ஃபோட்டோ, வாங்கின பில் வேணும். இதுக்குன்னு ஒரு மணி நேரம் முன்னாடியே போங்க.

சாப்பாட்டுப் பையைப் பத்தி ஒரு வார்த்தை. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் பிரச்சனை இல்ல. நெய், பால்கோவா, கறி வறுவல், பச்சைக் கறிவேப்பிலை எல்லாம் ஐரோப்பிய யூனியனுக்குள்ள கொண்டு போகக் கூடாது, பிடிச்சா எடுத்துப் போட்டுடுவாங்க. அம்மா ஆசையா கட்டிக் குடுத்தாலும் வீட்டுலயே வச்சுடுங்க.

7. மியூனிக்ல இருந்து பாஸாவ்

ஏர்போர்ட்லயே ஒரு ஓரமா உக்காந்து பெட்டியைப் பிரிச்சு, கழட்டின சைக்கிளை மறுபடி மாட்டிடுங்க. பெட்டியைத் தூக்கிக்கிட்டு ரயில் மாறுறது ரெண்டு பேருக்கே முடியல. வட்டார ரயில்ல சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுத்து, கதவுல சைக்கிள் படம் போட்ட பெட்டியில ஏறணும். வேக ரயில்னா சைக்கிளுக்கு முன்பதிவு இல்லாம ஏத்த மாட்டாங்க, பல வண்டியில சைக்கிள் இடமே கிடையாது. வட்டார ரயில்தான் நமக்கு நல்லது.

8. ரோட்டுல

அங்க வலது பக்கம். இது தெரிஞ்ச விஷயம்தான், ஆனா கை கால் கேக்காது. பாஸாவ்ல முதல் நாள் காலையில காலியான தெருவுல இடது பக்கம் திரும்பினேன், பழக்கத்துல இடது ஓரத்துக்கே போய்ட்டேன், எதிர்ல வந்த கார் ஓரடி தள்ளி நின்னுச்சு. வண்டி இருந்தா நாம பாத்து ஓட்டுவோம், காலித் தெருவும் அதிகாலையும்தான் ஆபத்து. அன்னைக்கு வலது ஹேண்டில்பார்ல சிவப்பு டேப் சுத்தினேன், ஒவ்வொரு திருப்பத்துலயும் சிவப்புக் கை ஓரத்துப் பக்கம் இருக்கான்னு ஒரு பார்வை. நீங்களும் செய்ங்க.

முன்னாடி வெள்ளை லைட், பின்னாடி சிவப்பு லைட், பெல், ரிஃப்ளெக்டர் வேணும். நீல வட்டத்துல வெள்ளை சைக்கிள் போட்ட பலகை இருந்தா அந்தப் பாதையிலதான் போகணும், ரோட்டுக்கு இறங்கக் கூடாது. உம்லைட்டுங்னு எழுதியிருந்தா மாத்துப் பாதை, அதை மதிங்க, குறுக்கு வழின்னு போய் மூணு கிலோமீட்டர் திரும்பி வந்தேன்.

வியன்னா வரைக்கும் பெரும்பாலும் ரெண்டு கரையிலயும் பாதை இருக்கு, பாலத்துலயோ சின்னப் படகுலயோ கரை மாறிக்கலாம். ஷ்லோகன்ல ஆறு கொண்டை ஊசி மாதிரி வளையற இடத்துல மட்டும் வடகரையில பாதை அறுந்துடும், படகு எடுத்தே ஆகணும். படகுக்குச் சில்லறைக் காசு வச்சுக்கோங்க, சாயந்திரம் எத்தனை மணிக்குக் கடைசிப் படகுன்னு காலையிலயே பாத்துக்கோங்க. வாஹாவ்ல அவசரப்படாதீங்க, வெறும் 38 கிலோமீட்டரை ஒரு முழு நாள் ஓட்டினோம், இன்னும் ஒரு நாள் இருந்திருக்கலாம்.

வியன்னாவைத் தாண்டினதும் பாதையோட குணமே மாறிடும். பிராட்டிஸ்லாவா போற வழியில கரை மேல நேரா, நிழலே இல்லாம மணிக்கணக்கா போகும், எனக்கு அன்னைக்கு எதிர்க்காத்து வேற. ரெண்டு பாட்டில் தண்ணி பத்தாது, மூணு வேணும். ஹங்கேரியில சில இடத்துல வண்டிங்க போற ரோட்டுலதான் ஓட்டணும், பளிச்சுன்னு கலர் சட்டை போட்டுக்கோங்க.

நாலு நாட்டுக்கும் ஒரே ஐரோப்பிய சிம் போதும். மேப்பை ஆஃப்லைன்ல இறக்கிக்கோங்க. அவசரத்துக்கு எங்கயும் 112.

9. படுக்கை, சாப்பாடு

ஜெர்மனியிலயும் ஆஸ்திரியாவுலயும் ஞாயித்துக்கிழமை சூப்பர் மார்க்கெட் மூடிடும். சனிக்கிழமை சாயந்திரமே ரெண்டு வேளைக்கு ரொட்டி, சீஸ், பழம் வாங்கி வைங்க. கிராமத்து ஓட்டலுக்கெல்லாம் வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் விடுமுறை, வாசல்ல ரூஹெடாக்னு பலகை தொங்கும். கிரைன் ஊருக்கு நாங்க போனது ஒரு ஞாயித்துக்கிழமை, கடையும் இல்ல, தங்கின இடத்து சமையலறைக்கும் அன்னைக்கு விடுமுறை. அந்த வீட்டுப் பாட்டி எங்க முகத்தைப் பாத்துட்டு உள்ள போய் கறுப்பு ரொட்டி, வெண்ணெய், நாலு அவிச்ச முட்டை, வெள்ளரிக்காய் கொண்டு வந்து வச்சாங்க, காசு வாங்கவே இல்ல. மாப்பிள்ளை பையில இருந்த பருப்புப் பொடியை எடுத்து அவங்களுக்கும் ரொட்டியில வெண்ணெயோட தடவிக் குடுத்தார், ரெண்டாவது துண்டும் கேட்டு வாங்கினாங்க. எல்லா ஊர்லயும் அப்படி ஒரு பாட்டி இருப்பாங்கன்னு நம்பிப் போகாதீங்க.

சின்ன விடுதிங்கள்ல ஆறு மணிக்கு மேல ஆள் இருக்க மாட்டாங்க, லேட் ஆகும்னா மதியமே கூப்பிட்டுச் சொல்லுங்க. சைக்கிள் வைக்க பூட்டற ரூம் இருக்கான்னு புக் பண்ணும்போதே கேளுங்க. ஆத்தோரமா கண்ட இடத்துல டென்ட் போடாதீங்க, ஜெர்மனியிலயும் ஆஸ்திரியாவுலயும் பொதுவா அனுமதி இல்ல, அபராதம் போடுவாங்க. காசு குடுத்துத் தங்கற முறையான கேம்பிங் இடம் வழி நெடுக இருக்கு. சுத்த சைவம்னா முட்டை, சூப்ல போடற கறிச்சாறு ரெண்டையும் கேட்டுத்தான் சாப்பிடணும். ஆஸ்திரியாவுல குழாய்த் தண்ணி தாராளமா குடிக்கலாம்.

10. காசு

ரெண்டு பேர் ரூமைப் பங்கு போட்டு, ஒரு வேளை கடையில வாங்கி, ஒரு வேளை ஓட்டல்ல சாப்பிட்டு, எங்களுக்கு ஆஸ்திரியாவுல ஆளுக்கு ஒரு நாளைக்கு 80 யூரோ ஆச்சு. நான் தனியாப் போன ஹங்கேரியில ரூமை முழுசா நானே குடுத்தும் அதைவிடக் கம்மிதான். ஃபாரெக்ஸ் கார்டு ஒண்ணு, பேங்க் கார்டு ஒண்ணு, கையில 200 யூரோ நோட்டா. சின்ன விடுதியில கார்டு எடுக்க மாட்டாங்க, ஊர் வரின்னு தலைக்குக் கொஞ்சம் தனியா கேப்பாங்க. ஸ்லோவாக்கியா வரைக்கும் யூரோ, ஹங்கேரியில ஃபோரின்ட். ஃபோரின்ட்டை ஏடிஎம்ல எடுங்க, மெஷின் ரூபாயில கணக்கு போடட்டுமான்னு கேட்டா வேண்டாம்னு அமுக்குங்க.

11. திரும்பி வர்றது

புடாபெஸ்ட் போனதும் முதல் வேலை பெட்டி தேடறது. ரெண்டு ராத்திரி வச்சது அதுக்குத்தான். முன்னாடியே ரெண்டு மூணு சைக்கிள் கடைக்கு மெயில் போட்டு வைங்க, நாலாவது கடையிலதான் எனக்குக் கிடைச்சுது. நல்ல அகலமான டேப்பும் பெடல் ஸ்பேனரும் ஊர்ல இருந்தே கொண்டு போங்க. டயர்ல ஒட்டியிருக்கற மண்ணைக் கழுவிட்டு அடைங்க. ஏற்றுமதிச் சான்றைப் பெட்டிக்குள்ள வச்சு டேப் போட்டுடாதீங்க, சென்னையில இறங்கினதும் கஸ்டம்ஸ் அதிகாரி பெட்டியைப் பாத்து என்னன்னு கேட்டார், பாஸ்போர்ட்டோட வச்சிருந்த பேப்பரை நீட்டினேன், ஃப்ரேம் நம்பரைப் பாத்துட்டு ரெண்டு நிமிஷத்துல அனுப்பிட்டார்.